பதினான்கு கணினிகளுக்குச் செய்த ஆயுதபூசை

1

இந்தத் தைப்பொங்கலோடு ஐந்து வருடம். என் மனைவி சாந்தி இதை மறக்க விடமாட்டாள். மொன்றியல் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்கு யார் வந்தாலும், அவர்கள் பனிச் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் தொடங்கிவிடுவாள்: "இண்டைக்குத்தான் இவர் ஒரு கம்பனியையே நிப்பாட்டின நாள்." பிறகு கதை வரும். வருடத்துக்கு வருடம் அது வளர்கிறது. முதல் வருடம் வாசலில் நின்ற லொறிகள் எட்டு. போன வருடம் இருபதாகிவிட்டன. இந்த வருடம் துறைமுகத்தில் ஒரு கப்பலையும் மறித்து வைத்துவிட்டாள். நான் திருத்தப் போனால், நீங்கள் சும்மா இருங்கோ, அண்டைக்கு இருந்த பதட்டத்தில உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களில் பலர், கனடாவில் கணினி வேலை என்றால் கண்ணாடிக் கட்டடமும் கழுத்துப்பட்டியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். என் முதல் கணினி அறை, நிலம் துடைக்கும் துடைப்பங்கள் வைக்கிற அறை. வாளியைத் தள்ளிவிட்டுத்தான் கதிரை போட வேண்டும். கப்பல் எதையும் நான் மறிக்கவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2

மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட, நகரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியம். கப்பலில் வரும் பெட்டிகளைப் பிரித்து, சாமான்களை லொறிகளில் ஏற்றி அனுப்புவது அவர்கள் தொழில். அப்போது நான் அங்கே மாலையில் பெட்டி இறக்கும் வேலைக்காரன். வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது மகள் அபி நித்திரை. காலையில் நான் எழும்பும்போது அவள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். சனி, ஞாயிறுகளில் என்னைக் கண்டால் விருந்தாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பாள். எது வேண்டுமென்றாலும் தாயிடம்தான் கேட்பாள். இரண்டு பேரும் என்னவோ கதைத்துச் சிரிப்பார்கள். அதில் பாதி பிரெஞ்சு. நானும் விளங்கின ஆள் போலச் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

திருகோணமலையில் நான் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் தட்டச்சும் கணினியும் படிப்பித்தவன். இதை ஒருநாள் தேநீர் நேரத்தில் யோகன் அண்ணையிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். யோகன் அண்ணை வடமராட்சிக்காரர், களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவரிடம் சொன்ன எதுவும் வீண்போகாது. கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று வேலையை விட்டுப் போனதும், மேலாளர் மதாம் ஜினெட் எங்கள் எல்லாரையும் கூட்டி, உங்களில் யாருக்காவது கணினி தெரியுமா என்று கேட்டார். நான் குனிந்து என் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோகன் அண்ணை என் கையைப் பிடித்து உயர்த்திவிட்டார்.

ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக எடுத்தார்கள். காலை எட்டு மணி தொடக்கம் நாலு மணி வரை. சரிவந்தால் நிரந்தரம். சரிவராவிட்டால் அந்த வேலையை வெளியே ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், நான் பழையபடி மாலையில் பெட்டி இறக்கப் போகவேண்டும். ஜனவரி முடிவில் தவணை முடிகிறது. அந்த மாதங்களில்தான் நான் முதன்முதலாக அபியோடு ஒரே மேசையில் ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன். அவள் சோற்றிலிருந்து பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்குகிற பிள்ளை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆறு வயது. ஆறு வயது வரை எனக்கு இது தெரியாது. சம்பளம் ஒரு சதம் கூடவில்லை, ஆனால் அந்த மேசையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

3

கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், நான் வகுப்பு எடுத்துப் பழகினவன்.

எங்களிடம் இருந்தவை பதினான்கு பழைய கணினிகள். அவை பெயருக்குத்தான் கணினிகள். உண்மையான வேலை முழுவதும் துடைப்ப அறையில் இருந்த சேர்வர் என்ற பெரிய பெட்டிக்குள் நடக்கும். மற்றப் பதினான்கும் அதைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஜன்னல்கள். ஜன்னலைத் திறக்க லைசன்ஸ் வேண்டும். எனக்கு முன்பு இருந்தவர் பதினாறு லைசன்ஸ் வாங்கி சேர்வரில் போட்டு வைத்திருந்தார். ஒரு கணினி முதன்முதலாக வந்து நின்றால் சேர்வர் அதற்கு ஒரு லைசன்ஸ் துண்டு கொடுக்கும். கணினி அந்தத் துண்டைத் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு நாளும் காட்டிவிட்டு உள்ளே போகும். அந்தக் காலத்துச் சேர்வரில் ஒருமுறை கொடுத்த துண்டு கொடுத்ததுதான், தானாகத் திரும்பி வராது.

மதாம் ஜினெட் சட்டம் பிசகாத மனுசி. என் முதல் கிழமையிலேயே கூப்பிட்டு, இங்கே முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், லைசன்ஸ் பதினாறுதான் இருக்கிறது, நாங்கள் களவு செய்கிறோமா என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கையையும் காலையும் ஆட்டி விளங்கப்படுத்தினேன். துண்டு ஆளுக்கு இல்லை மதாம், இயந்திரத்துக்கு. ஒரே கணினியில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் இருந்தாலும் துண்டு ஒன்றுதான். ஆளுக்கு ஆள் கொடுக்கிற முறை பிறகு வந்தது, அப்போது எங்களிடம் இல்லை. அவர் அதைத் தன் கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்டார். பதினாறு துண்டு, பதினான்கு கணினி, கையில் இரண்டு மிச்சம். நானும் நிம்மதியாக இருந்தேன்.

4

கனடாக்காரர்கள் ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமையை நன்றி சொல்லும் நாளென்று கொண்டாடுவார்கள். வேலைத்தலம் எல்லாம் பூட்டு. அந்த வருடம் பார்த்து அதே திங்கட்கிழமையில் ஆயுதபூசையும் வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரில் எங்கள் கல்வி நிலையத்தில் அன்றைக்கு ஒருவரும் தட்டச்சு இயந்திரத்தைத் தொடமாட்டோம். முதல்நாளே ஒவ்வொன்றையும் பிரித்து, தூரிகையால் தூசி தட்டி, எண்ணெய் விட்டு, சந்தனப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கிவிடுவோம். இங்கே வந்து நாலு வருடம் என் கையில் இருந்த ஆயுதம் ஒரு பெட்டி வெட்டும் கத்தி. அதற்கு எதற்குப் பூசை என்று விட்டுவிட்டேன். இப்போது பதினான்கு கணினியும் ஒரு சேர்வரும் என் பொறுப்பில் இருக்கின்றன.

மதாம் ஜினெட்டிடம் பராமரிப்பு வேலை என்று சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலையில் போனேன். யோகன் அண்ணையும் வந்தார், தன் போர்க்லிஃப்டுக்கும் ஒரு பொட்டு வைக்க வேண்டுமாம். இரண்டு பேருமாகக் கணினிகளைத் திறந்து தூசியை உறிஞ்சி எடுத்தோம். ஒன்றுக்குள்ளிருந்து அரைவாசி டோனட் வந்தது. எல்லாவற்றையும் துடைத்து அடுக்கியதும் யோகன் அண்ணை இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, இதுகளின்ர தலைக்குள்ள கிடக்கிற குப்பையையும் எடுத்துவிடன். உள்ளுக்க ஊத்தையை விட்டிட்டு வெளியால பொட்டு வைச்சு என்ன பிரியோசனம்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தக் கணினிகளின் தட்டுகளில் முன்னவர்கள் போட்ட விளையாட்டுகள், பாட்டுகள், யாருடையவோ கலியாணப் படங்கள் எல்லாம் நிறைந்து கிடந்தன. பதினான்கையும் முழுக்க அழித்து, புதிதாகப் பிறந்த பிள்ளை மாதிரி ஆக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டேன். சனியும் ஞாயிறும் அதற்கே போய்விட்டன. திங்கட்கிழமை குளித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சேர்வருக்கு முன்னால் அவலும் கடலையும் வைத்துக் கும்பிட்டோம். கற்பூரம் கொளுத்தவில்லை, தீயணைப்பு மணி அடித்துவிடும். ஊர் வழக்கப்படி அன்றைக்கு ஒரு கணினியையும் தொடவில்லை. விசயதசமி அன்று காலை நல்ல நேரம் பார்த்து முதலில் என் கணினியை இணைத்தேன், மரியாதைக்கு இரண்டாவதாக மதாம் ஜினெட்டின் கணினி, பிறகு மற்றப் பன்னிரண்டும்.

எல்லாம் பறந்தன. ஆட்கள் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். மதாம் ஜினெட் தன் கணினித் திரையின் மூலையில் இருந்த சிவப்புப் பொட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பராமரிப்பு முடிந்ததற்கான அடையாளம் என்றேன். அவர் சந்தோசமாகத் தலையாட்டினார். பொய் சொன்னது எனக்கு ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனால் பரீட்சார்த்த காலத்தில் கிடக்கிற ஒருவன், உங்கள் சொத்துக்குப் பூசை செய்தேன் என்று எப்படிச் சொல்வது?

5

பொங்கலன்று குளிர் சைபருக்குக் கீழே இருபத்திரண்டு. சாந்தி விடியப் பொங்கி, ஒரு டப்பாவில் போட்டுத் தந்துவிட்டாள். நான் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாசலில் மூன்று பேர் எனக்காக நின்றார்கள். கணினி உள்ளே விடவில்லையாம். லைசன்ஸ் இல்லை என்று சொல்லி வெளியே தள்ளுகிறதாம். நான் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாவது, ஐந்தாவது. ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு கணினிகள் படுத்துவிட்டன. உயிரோடு இருந்தவை இரண்டு: என்னுடையதும் மதாம் ஜினெட்டினுடையதும். என்னுடையது வேலை செய்கிறதே, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர் மற்றவர்களைக் கேட்டார். பிறகு எல்லாரும் அவருடைய அறைக்குள் வந்து வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். கணினியில் பத்திரம் அடித்துக் கொடுக்காமல் ஒரு லொறியும் வெளியே போகமுடியாது. வாசலில் லொறிகள் எட்டு. நான் எண்ணினேன், எட்டுத்தான்.

முதலில் வயரைப் பார்த்தேன். பிறகு சேர்வரை நிறுத்திப் போட்டேன், அதில் உயிரோடு இருந்த இரண்டும் பத்து நிமிடம் செத்துப் பிழைத்தன. கடைசியில்தான் லைசன்ஸ் பட்டியலைத் திறந்தேன். அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பதினாறு துண்டும் கொடுபட்டிருந்தன. பதினான்கு கணினிகளின் பெயர்களும் இருந்தன, ஆனால் என்னுடையதும் மதாம் ஜினெட்டினுடையதும் இரண்டு இரண்டு தடவை. இரண்டாம் தடவைக்குப் பக்கத்தில் இருந்த நாள், விசயதசமி.

நான் அழித்தது குப்பையை மட்டுமில்லை, ஒவ்வொரு கணினியும் வைத்திருந்த துண்டையும் சேர்த்து. சேர்வர் அவற்றை முன்பின் தெரியாத புதுக் கணினிகள் என்று நினைத்தது. முதலில் வந்த இரண்டுக்கும் மிச்சமிருந்த இரண்டு துண்டையும் கொடுத்தது. மற்றப் பன்னிரண்டுக்கும் தொண்ணூறு நாளைக்கென்று தற்காலிக அனுமதி கொடுத்து உள்ளே விட்டது. தொண்ணூறு நாள் பொங்கலோடு முடிந்தது. யோகன் அண்ணையிடம் கேட்டால், இரண்டு கிழமையாக ஏதோ ஒரு இங்கிலிசு அறிவித்தல் வந்துகொண்டுதான் இருந்ததாம், எல்லாரும் ஓகேயை அமத்திவிட்டு வேலையைப் பார்த்தார்களாம். என் கணினியில் துண்டு இருந்தபடியால் எனக்கு அந்த அறிவித்தல் வரவேயில்லை.

6

துண்டுகளை மீட்க ஒரே வழி, லைசன்ஸ் கொடுக்கிற இடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் காரணம் சொல்லிக் கேட்பது. ஒப்பந்தம் மதாம் ஜினெட்டின் பெயரில் இருந்தது, ஆகவே அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார். கதவடியில் யோகன் அண்ணை, அவருக்குப் பின்னால் அரைக் களஞ்சியம்.

ஒரு பெண் எடுத்தாள். ஆங்கிலத்தில் நல்ல தன்மையாகப் பேசினாள். சேர்வரின் இலக்கத்தை வாசிக்கச் சொன்னாள். ஐந்தைந்து எழுத்தாக ஏழு கட்டம். பதட்டத்தில் எனக்கு ஒரு ஆங்கிலப் பெயரும் வரவில்லை. பி ஃபோர் பட்டிக்கலோ, ஜே ஃபோர் ஜஃப்னா, வி ஃபோர் வவுனியா என்று வடக்குக் கிழக்கு முழுவதையும் வாசித்து முடித்தேன். அவள் ஒன்றையும் பிழையாக எழுதவில்லை. பிறகு கேட்டாள், பன்னிரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் எப்படித் துண்டை இழந்தன? வைரஸா?

எனக்கு வழியும் அவளே காட்டிவிட்டாள். யோகன் அண்ணை கதவடியில் நின்று பலமாகத் தலையாட்டினார்.

"ஓமெண்டு சொல்லு தம்பி. வைரஸ் எண்டு சொல்லு, முடிஞ்சுது அலுவல்."

சொல்லியிருப்பேன், உண்மையைச் சொன்னால் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் யோகன் அண்ணைக்குப் பின்னால் ஜோஸ்லின் நின்றாள். ஹெயிட்டிக்காரி, மாலை வேலைக்காரி, அன்றைக்குக் காலையில் மேலதிக வேலைக்கு வந்திருந்தாள். கோடையில் கணினியில் பாட்டுத் தட்டுப் போட்டதற்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள். வைரஸ் என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்தால் மதாம் ஜினெட்டின் கண் முதலில் யாரில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஜோஸ்லினுக்கும் தெரிந்திருந்தது, முகம் சுருங்கிவிட்டது. என் மேசைக்காக இன்னொருத்தியின் சோற்றைத் தட்டிவிடுவதா? சீ என்று போய்விட்டது.

"நான்தான் அழித்தேன்," என்றேன் ஆங்கிலத்தில். "எங்கள் சமயத்தில் வருடத்துக்கு ஒருநாள் நாங்கள் வேலைசெய்யும் கருவிகளைத் துப்புரவாக்கிக் கும்பிடுவோம். நான் கூடுதலாகத் துப்புரவாக்கிவிட்டேன்."

யோகன் அண்ணை தலையில் கையை வைத்தார். அந்தப் பக்கத்தில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னாள், தன்னுடைய பட்டியலில் அப்படி ஒரு காரணம் இல்லையாம், 'மற்றவை' என்று போடுகிறாளாம், பரவாயில்லையா? பரவாயில்லை அம்மா என்றேன், தமிழிலேயே. அவள் புது இலக்கம் தந்தாள். பதினொன்றரைக்குப் பன்னிரண்டு கணினியும் எழும்பின, எட்டு லொறியும் போயின.

7

மதாம் ஜினெட் இரண்டு மணிக்கு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் என் பரீட்சார்த்த காலத்து மதிப்பீட்டுப் படிவம் இருந்தது. தவணை முடிய இன்னும் இரண்டு கிழமை இருக்கிறதே என்று நினைத்தேன்.

"அந்தச் சிவப்புப் பொட்டு பராமரிப்பு அடையாளம் என்று சொன்னீர்கள்," என்றார்.

"பாதி உண்மை, மதாம்."

மற்றப் பாதியைச் சொல்லச் சொன்னார். சந்தனம், அவல், கடலை, தொடாமல் விட்ட திங்கட்கிழமை, நல்ல நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் பேனையை உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தன் தகப்பன் கஸ்பேசிக் கடற்கரையில் மீனவர் என்று சொன்னார். பருவம் தொடங்கும்போது பாதிரியார் வந்து படகுகளுக்குத் தீர்த்தம் தெளிப்பாராம். தகப்பன் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படகடியில் நிற்பாராம்.

"ஆனால் அதற்காக அப்பா எஞ்சினைக் கழற்றிக் கடலில் போடவில்லை," என்றார்.

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். முதலாளியின் உடைமைகளைப் பேணுகிறாரா என்று ஒரு கேள்வி. மோசம் தொடக்கம் மிகச் சிறப்பு வரை ஐந்து பெட்டிகள். ஒன்றிலும் அவர் புள்ளடி போடவில்லை. பக்கத்தில் கையால் எழுதியிருந்தார்: அளவுக்கு மிஞ்சி. கீழே, நிரந்தரமாக்கலாமா என்ற இடத்தில், ஆம் என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருந்தார். இனிமேல் எதை அழிப்பதென்றாலும் தனக்கு ஒரு கிழமைக்கு முன் எழுத்தில் தர வேண்டும் என்றார். தருவேன் மதாம், தருவேன் மதாம் என்று நாலைந்து தடவை சொன்னேன். வெளியே வந்து துடைப்ப அறைக்குள் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யோகன் அண்ணை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொங்கல் டப்பாவைத் திறந்து தானே சாப்பிடத் தொடங்கினார். ஜோஸ்லினுக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்.

ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். சாந்தியிடம் சொல்ல முதல் அபியிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே இருந்து, இனி ஒவ்வொரு நாளும் அப்பா இந்த நேரத்துக்கு வீட்டில இருப்பன், பெட்டி இறக்கப் போகமாட்டன் என்றேன். அவள் ஒரு பட்டாணியை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தாள்.

"அப்ப என்ர ஹோம்வேர்க்கை நீங்களே பாப்பீங்கள்?"

"ஓம்."

"பிரெஞ்சும்?"

"பிரெஞ்சும்."

ஒரு பெருமூச்சு விட்டாள். கதிரையை விட்டு இறங்கிப் போய்த் தன் புத்தகப் பையை இழுத்துக்கொண்டு வந்து, முதலாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, என் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வைத்தாள்.

"அப்ப முதல்ல நீங்கள் படிக்கோணும், அப்பா," என்று சொல்லி, என் மடியில் ஏறி இருந்தாள்.